கர்னல் மெமரியில் தரவு சிதைந்தால்: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

யாங்கோன், பகோ, மௌலமைன் பக்கம் தமிழர் கடைகளிலும் பள்ளிகளிலும் கோயில் கணக்கு அறைகளிலும் லினக்ஸ் ஓடும் இயந்திரங்கள் பல, பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டியவை. இரண்டு கம்பெனி மெமரி ஒரே போர்டில் இருக்கும். நாளுக்குப் பல தடவை கரண்டு போய் ஜெனரேட்டருக்கு மாறும். இப்படிப்பட்ட இயந்திரத்தில் ஒரு கோப்பு கெட்டுவிட்டது, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) விழுந்துவிட்டது என்றால், மெமரி சில்லு கெட்டதா, கர்னலின் மெமரி மேலாண்மையில் பிழையா, ஏதாவது டிரைவர் அடுத்தவர் இடத்தில் எழுதியதா என்று முதலில் பிரித்தாக வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். கர்னல் விழுந்த இடத்தில் இருக்கும் ஃபங்ஷன் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்தான், குற்றவாளி அல்ல. எய்தவன் இருக்க அம்பை நோவதில் பயனில்லை. எய்தவனை ஸ்டாக் டிரேஸ் (விழும்வரை ஒன்றையொன்று அழைத்த ஃபங்ஷன்களின் பட்டியல்) காட்டாது. சேதத்தின் வடிவம் காட்டும். எத்தனை பைட் மாறியது, எந்த எல்லையில் தொடங்கியது, என்ன மதிப்பு உட்கார்ந்திருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எதையும் தொடுமுன்

மெமரி சந்தேகத்தில் இருக்கும் இயந்திரத்தில் எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை) ஓட்டிப் பழுது பார்க்காதீர்கள். கெட்ட மெமரி வழியாக நல்ல வட்டைத் திருத்தினால், திருத்தம் என்ற பெயரில் கோப்பு முறைமையே அழியும். வட்டைக் கழற்றி, நம்பகமான வேறு இயந்திரத்தில் ரீட்-ஒன்லியாக மாட்டி நகல் எடுங்கள். பழுது பார்ப்பது அந்த நகலில்தான்.

பேஜ் கேஷில் (கோப்புகளின் தரவைக் கர்னல் 4096 பைட் பக்கங்களாக மெமரியில் வைக்கும் இடம்) சிதைவு என்று சந்தேகம் வந்தால் சிங்க் கட்டளையும் கொடுக்காதீர்கள். மெமரியில் மட்டும் கெட்டிருக்கும் பக்கத்தை அது வட்டுக்கே தள்ளிவிடக்கூடும். இயந்திரம் தொங்கிக்கொண்டிருந்தால் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, சி மூன்றையும் அழுத்தினால் கர்னல் வேண்டுமென்றே விழுந்து கேடம்ப் (விழுந்த நேரத்து மெமரியின் நகல்) எடுக்கும். அதற்கு முன்கூட்டியே பூட் வரியில் கிராஷ்கர்னல்=256எம் போன்ற ஒதுக்கீடும், அந்த நகலைப் படிக்க உதவும், அந்தக் கர்னலுக்குரிய டீபக்இன்ஃபோ பொதியும் இருக்க வேண்டும். அந்தப் பொதி பல நூறு எம்பி. இணைப்பு நன்றாக இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துவிடுங்கள், விழுந்த பிறகு தேட வேண்டாம்.

கர்னல்.பேனிக்_ஆன்_ஊப்ஸ் மதிப்பை 1 ஆக்குங்கள். முதல் ஊப்ஸிலேயே (கர்னல் தன் பிழையை அறிவிக்கும் செய்தி) இயந்திரம் நின்றுவிடும். கடையில் பில் போடுவது தடைபடத்தான் செய்யும். ஆனால் சிதைந்த கர்னல் மேலும் ஒரு மணி நேரம் ஓடி வட்டில் எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். இன்னொரு காரணமும் உண்டு: நம்ப வேண்டியது முதல் ஊப்ஸ் மட்டுமே, அடுத்து வருபவை அதன் எதிரொலி. அதிலே "நாட் டெயின்டட்" என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கர்னலின் நம்பகத்தன்மை ஏன் குறைந்தது என்று சொல்லும் /பிராக்/சிஸ்/கர்னல்/டெயின்டட் எண்ணை 2-இன் அடுக்குகளாகப் பிரித்துப் படியுங்கள். 16 இருந்தால் இயந்திரமே மெஷின் செக் பிழை (வன்பொருள் கோளாறு) சொல்லியிருக்கிறது. நேராக மெமரிச் சோதனைக்குப் போகலாம். 32 என்றால் கெட்ட பக்கம் ஏற்கெனவே கண்ணில் பட்டிருக்கிறது. 128 இருந்தால் நீங்கள் பார்ப்பது முதல் ஊப்ஸ் இல்லை. 4096 என்றால் கர்னல் மூலத்துக்கு வெளியே கட்டிய மாட்யூல் ஒன்று ஏறியிருக்கிறது, அதை எடுத்துவிட்டு மறுபடி பிழையை வரவழையுங்கள்.

அறிகுறி: கோப்பின் உள்ளடக்கம் மாறியிருக்கிறது, கர்னல் விழவில்லை

அதிக நாள் கண்ணில் படாமல் இருப்பது இதுதான், அதனால் அதிகம் நாசம் செய்வதும் இதுதான்.

முதலில் போலி எச்சரிக்கையை ஒதுக்குங்கள். பர்மிய எழுத்துகள் முழுக் கோப்பிலும் ஒரே மாதிரி குழம்பியிருந்தால் அது அனேகமாக ஸாஜி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு. மியன்மா 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்திய ஸாஜி கோப்புகள் அதே குறியீட்டு எண்களை வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. பைட்டுகள் அப்படியே இருக்கும், செக்சம் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) மாறாது. மாற்றி மென்பொருள் போதும், மெமரியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான சிதைவு என்றால், நல்ல நகலையும் கெட்ட நகலையும் சிஎம்பி கட்டளையில் -எல் சேர்த்து ஒப்பிடுங்கள். வேறுபட்ட ஒவ்வொரு பைட்டின் இடமும் இரு மதிப்புகளும் வரும். இடம் 1-இலிருந்து எண்ணப்படும், மதிப்புகள் எட்டடிமான எண்கள். இரண்டையும் மறந்தால் கணக்கு தவறும். இடத்திலிருந்து 1 கழித்து 4096-ஆல் வகுத்து மீதியைக் குறியுங்கள். பிறகு இரு மதிப்புகளையும் எக்ஸ்ஆர் செய்யுங்கள், வேறுபடும் பிட்டுகள் மட்டும் 1 ஆகும்.

எக்ஸ்ஆர் விடையில் ஒரே ஒரு பிட் மட்டும் 1, எல்லா இடத்திலும் அதே பிட் என்றால் மெமரி சில்லு, ஸ்லாட், மின்சாரம் மூன்றில் ஒன்று. தமிழ்க் கோப்புகளில் இது எழுத்துப்பிழை வேடத்தில் ஒளிந்துகொள்ளும். யூனிகோடில் ரகரமும் றகரமும் அடுத்தடுத்த எண்கள், வித்தியாசம் கடைசி பிட் மட்டும். லகர ளகரமும், நகர னகரமும் அப்படியே. பகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவே மதிப்பு 4 உள்ள பிட் ஒன்றுதான் வேறுபாடு. "அரை" "அறை" ஆவதும் "பணம்" "மணம்" ஆவதும் ஒரே பிட் புரண்டால் போதும். கணக்குப் பதிவில் இப்படி ஒரு சொல்லைப் பார்த்தால் தட்டச்சு செய்தவரைக் கேட்பதற்கு முன் பேக்கப்பில் உள்ள அதே வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாறியது 512 பைட்டின் மடங்காக, 512 எல்லையில் தொடங்கினால் வட்டு, கேபிள், கன்ட்ரோலர் பக்கம் தேடுங்கள். மீதி 0-இல் தொடங்கி முழு 4096 பைட்டும் வேறாக இருந்து, உள்ளே இன்னொரு கோப்பின் உள்ளடக்கம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால், ஒரு பக்கம் போக வேண்டிய இடத்தில் வேறு பக்கம் போயிருக்கிறது. மெமரி மேலாண்மை, கோப்பு முறைமை, வட்டின் ஃபர்ம்வேர் மூன்றும் சந்தேகத்துக்கு உரியவை. 64 பைட் துண்டு என்றால் கேஷ் லைன் (சிபியு ஒரே தடவையில் கையாளும் துண்டு), அதாவது டிஎம்ஏ (சாதனம் சிபியு வழியாக அல்லாமல் மெமரியில் நேராக எழுதுவது). அது கீழே வருகிறது. கோப்பின் வால் முழுவதும் பூச்சியம், அதுவும் கரண்டு போய் வந்த பிறகு கண்டது என்றால் மெமரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோப்பின் நீளம் வட்டில் பதிந்தது, தரவு பதிவதற்குள் கரண்டு போனது, அவ்வளவுதான். எழுதிய பிறகு எஃப்சிங்க் (தரவை வட்டில் பதியவைக்கும் அழைப்பு) அழைக்காத நிரலையும், மாறும்போது விட்டுவிடும் யூபிஎஸ்ஸையும் பாருங்கள்.

வடிவம் பார்த்தாயிற்று. கேடு மெமரியில் மட்டுமா, வட்டிலும் இருக்கிறதா? அந்தக் கோப்பில் யாரும் எழுதாத நேரத்தில் எஸ்ஹெச்ஏ256சம் கட்டளையால் செக்சம் எடுங்கள். பிறகு டிடி கட்டளையில் ஐஃப்ளேக்=டைரக்ட் சேர்த்து, பேஜ் கேஷைத் தாண்டி வட்டிலிருந்து நேராகப் படித்து அதே சம் எடுங்கள். இரண்டும் வேறு என்றால் கேஷில் உள்ள பக்கம் கெட்டிருக்கிறது, வட்டு நன்றாக இருக்கிறது. டைரக்ட் வாசிப்பு, அந்தப் பகுதியில் டர்ட்டி பக்கம் (மாறியும் வட்டில் இன்னும் எழுதாதது) இருந்தால் அதை முதலில் வட்டில் எழுதிவிட்டுத்தான் படிக்கும். எனவே மாறிக்கொண்டிருக்கும் கோப்பில் இந்தச் சோதனை செல்லாது, ஆபத்தும்கூட. இரண்டு சம்மும் ஒன்றாக, ஆனால் தவறாக இருந்தால் கேடு எழுதும்போதே நடந்துவிட்டது. பேஜ் கேஷைக் காலி செய்யும் டிராப்_கேஷஸ் கோப்பில் 3 எழுதி ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கவைத்தால் சம் தடவைக்குத் தடவை மாறுகிறதா? அப்படியானால் படிக்கும் வழியில்தான் கோளாறு: மெமரி, கன்ட்ரோலர் அல்லது கேபிள்.

வடிவத்தைப் படித்தே கர்னல் பிழையைப் பிடித்ததற்கு டர்ட்டி பைப் நல்ல சான்று. மேக்ஸ் கெல்லர்மன் 2022 மார்ச்சில் வெளியிட்ட அந்தப் பிழை, கெட்டுப்போன ஜிஜிப் லாக் கோப்புகளிலிருந்துதான் வெளிப்பட்டது. ஒவ்வொரு கெட்ட கோப்பிலும் கடைசி 8 பைட் மட்டும் மாறியிருந்தது, எல்லாவற்றிலும் அதே 8 பைட், அதுவும் ஜிப் கோப்பின் தலைப்பில் வரும் பைட்டுகள். பிட் புரளல் என்றால் இத்தனை ஒழுங்கு வராது. பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய்) பஃபரின் ஃப்ளேக்ஸ் புலத்தைத் தொடக்க மதிப்பு கொடுக்காமல் விட்டதால், பைப்பில் எழுதியது பேஜ் கேஷ் பக்கத்தின்மேலேயே விழுந்தது. 5.8 முதல் இருந்த ஓட்டை 5.16.11, 5.15.25, 5.10.102 பதிப்புகளில் அடைபட்டது. உங்கள் கர்னல் இந்த இடைவெளியில் இருந்தால் வேறு எதையும் தேடுமுன் மேம்படுத்திவிடுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் விழுகிறது

ஒரு நாள் உலாவி, ஒரு நாள் ஈஎக்ஸ்டி4, மறுநாள் கம்பைலர். பொது அம்சமே இல்லை என்றால் மெமரிச் சில்லுகளிலிருந்து தொடங்குங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (மெமரியைத் தரநிலையை மீறிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இருந்தால் அணைத்து, டிடிஆர்4-ஐ 1.2 வோல்ட் தரநிலை வேகத்துக்கு இறக்குங்கள். கலப்பு மெமரியில் பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும்.

பிறகு மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+. முறை வைத்துக் கரண்டு வெட்டும் நாட்களில் முழுச் சோதனை பாதியில் நின்று, மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். அமைப்புப் பட்டியலில் முகவரி எல்லையைக் குறுக்கி 4 ஜிபி, 4 ஜிபியாகச் சோதியுங்கள், முடிந்த எல்லையைத் தாளில் குறித்து வையுங்கள். ஒரு சுற்றில் பிழை வரவில்லை என்பது நல்ல சான்றிதழ் இல்லை. நான்கு சுற்றாவது வேண்டும்.

சோதனையை இரவில், ஏசி அறையில், மூடியைத் திறந்துவைத்து ஓட்டினால் பிழை வராமலே போகலாம். டிராம் செல் தன் மின்னூட்டத்தை 64 மில்லி வினாடிக்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், சில்லின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் 32 மில்லி வினாடிக்குள். சூடு ஏற ஏற மின்னூட்டம் வேகமாகக் கசியும். பலவீனமான செல் ஏப்ரல் மதியம் தவறும், நள்ளிரவில் தவறாது. மூடியைப் போட்டு, கடை ஓடும் அதே இடத்தில், வெயில் நேரத்தில் சோதியுங்கள். தண்ணீர்த் திருவிழாவுக்குக் கடை மூடும் நாட்கள் இதற்குத் தோது: வெயிலும் உச்சம், இயந்திரமும் ஓய்வு.

பிழை வந்தால் ஒரே ஒரு மெமரியை ஒரே ஸ்லாட்டில் போட்டு மாற்றி மாற்றிப் பாருங்கள். பிழை மெமரியோடு நகர்ந்தால் மெமரி, ஸ்லாட்டோடு நின்றால் போர்டு. மழைக்காலம் கழிந்த பிறகு தொடங்கிய கோளாறு என்றால் மெமரியின் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டிப் பாருங்கள், சில நேரம் அதுவே போதும். இசிசி (தன் பிழையைத் தானே திருத்தும் மெமரி) உள்ள பழைய சர்வர் என்றால் வேலை எளிது: கர்னலின் இடாக் அடைவில் சிஇ_கவுண்ட் (திருத்திய பிழைகளின் எண்ணிக்கை) நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று பாருங்கள், ராஸ்டீமன் எந்த ஸ்லாட் என்றே சொல்லிவிடும்.

மாற்று மெமரி உடனே கிடைக்காவிட்டால் கெட்ட முகவரியை மெம்மேப் பூட் அளபுருவால் ஒதுக்கிவைக்கலாம். அதன் நடுவில் வரும் டாலர் குறியை கிரப் (லினக்ஸை ஏற்றும் நிரல்) விழுங்கிவிடும். முன்னால் பின்சாய்கோடுகள் இட்டு, பூட் ஆன பிறகு /பிராக்/சிஎம்டிலைனில் குறி தப்பி வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. ஏடிஎக்ஸ் பவர் சப்ளை முழுச் சுமையில் சுமார் 16 மில்லி வினாடிதான் கரண்டு இல்லாமல் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. ஆஃப்லைன் யூபிஎஸ் மாறுவதற்குப் பொதுவாக 4 முதல் 10 மில்லி வினாடி ஆகும். பவர் சப்ளையின் மின்தேக்கிகள் பழையதாகியிருந்தால் இந்தக் கணக்கில் மிச்சமே இராது. ஜெனரேட்டருக்கு மாறிய சில நிமிடங்களில் மட்டும் பிழை வருகிறது என்றால் மெமரியை மாற்றுமுன் பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: கேமெம்_கேஷ்_அலாக், கேமலாக் போன்ற ஒதுக்கும் ஃபங்ஷனுக்குள் விழுகிறது

ஸ்லப் ஒதுக்கி என்பது கர்னலுக்குள் கேட்பவருக்குச் சிறு மெமரித் துண்டுகளை (பொருள்களை) கொடுக்கும் பகுதி. அது காலியான பொருளுக்குள்ளேயே அடுத்த காலிப் பொருளின் முகவரியை எழுதி வைக்கும். விடுவித்த பொருளில் எவரோ எழுதினால் அந்த முகவரி கெடும். அதற்குப் பிறகு மெமரி கேட்கும் அப்பாவி விழுவார். ஆகவே இங்கே கிடைக்கும் ஸ்டாக் டிரேஸ் எதற்கும் உதவாது.

முதல் படி செலவில்லாதது: பூட் வரியில் ஸ்லாப்_நோமெர்ஜ். ஒரே அளவுள்ள பல கேஷ்களை (பொருள்களின் தொகுப்புகளை; இது பேஜ் கேஷ் அல்ல) ஸ்லப் ஒன்றாகச் சேர்த்துவிடுவதால் பிழைச் செய்தியில் வரும் பெயர் ஏமாற்றும். சேர்ப்பதைத் தடுத்தால் உண்மையான கேஷின் பெயர் வரும். அடுத்து, அந்தக் கேஷுக்கு மட்டும் ஸ்லப்_டீபக்=எஃப்இசட்பியு என்று எழுதி, காற்புள்ளியிட்டு அதன் பெயரைச் சேருங்கள். புதிய கர்னல்களில் இதன் பெயர் ஸ்லாப்_டீபக். எஃப் ஒழுங்குச் சோதனை, இசட் சிவப்பு எல்லை (பொருளை ஒட்டி வைக்கும் காவல் பைட்டுகள்), பி நஞ்சு நிரப்பல் (பயன்பாட்டில் இல்லாத இடத்தைத் தெரிந்த பைட்டால் நிரப்புவது), யு யார் கேட்டார், யார் விடுவித்தார் என்ற பதிவு. எல்லாக் கேஷுக்கும் போட்டால் 4 ஜிபி இயந்திரம் தள்ளாடும். பொருள்களின் அளவே மாறிவிடுவதால் பிழை ஒளிந்துகொள்ளவும் கூடும்.

இனி, டம்ப்பில் வரும் பைட்டுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விடுவித்த பொருள் முழுவதும் 6பி, அதன் கடைசி பைட் ஏ5. ஒதுக்கியும் இன்னும் எழுதாத இடம் 5ஏ. பயன்பாட்டில் உள்ள பொருளின் சிவப்பு எல்லை சிசி, விடுவித்ததன் எல்லை பிபி. விடுவித்த முழுப் பக்கத்தைப் பேஜ்_பாய்சன் நிரப்பியிருந்தால் ஏஏ.

"பாய்சன் ஓவர்ரிட்டன்" என்று வந்தால் விடுவித்த பிறகு யாரோ எழுதியிருக்கிறார்கள். என்ன எழுதினார்கள் என்பதில்தான் ஆள் அடையாளம் இருக்கிறது. வரிசையாக 8 பைட்டில் கர்னல் முகவரி போன்ற ஒன்று இருந்தால், பட்டியலிலிருந்து எடுக்காமலே பொருளை விடுவித்துவிட்டார்கள். பக்கத்து உறுப்பு சேரும்போதோ விலகும்போதோ தன் முகவரியை இங்கே எழுதியது. ஒரே ஒரு பைட் 00 ஆகியிருந்தால் அனேகமாக ஸ்பின்லாக்கை (கர்னலின் ஒரு வகைப் பூட்டை) அவிழ்த்திருக்கிறார்கள். 6பி ஒன்று 6ஏ ஆகியிருந்தால் கவனம் தேவை. இரண்டுக்கும் ஒரு பிட் மட்டுமே வேறுபாடு என்பதால் மெமரிச் சில்லின் தவறு என்று பலர் இங்கேதான் வழி மாறுகிறார்கள். அது 4-ஆல் வகுபடும் இடத்தில், எப்போதும் அதே கேஷில், பொருளின் தொடக்கத்திலிருந்து அதே தூரத்தில் இருந்தால் சில்லின் தவறே இல்லை. விடுவித்த பொருளின் ரெஃபரன்ஸ் கவுண்ட்டை (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணை) எவரோ ஒன்று குறைத்திருக்கிறார்கள். எக்ஸ்86-இல் கீழ் பைட் முதலில் வருவதால் 6ஏ 6பி 6பி 6பி என்று தெரிகிறது. 7பி, ஈபி போன்ற மதிப்பு வெவ்வேறு கேஷ்களில் வெவ்வேறு தூரத்தில் வந்தால் அப்போது சில்லைச் சந்தேகிக்கலாம்.

"ரெட்ஸோன் ஓவர்ரிட்டன்" என்றால் பொருளின் எல்லையைத் தாண்டி எழுதியிருக்கிறார்கள். கேமலாக்கில் 100 பைட் கேட்டால் கிடைப்பது 128 பைட் பொருள். மீதி 28 பைட்டில் விழும் தாண்டல் பழைய கர்னல்களில் எந்த எச்சரிக்கையும் தராது. ஆகவே செய்தி வந்தபோது தாண்டல் 28 பைட்டையும் கடந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

நஞ்சு கெட்டதை ஸ்லப் கண்டுபிடிப்பது அந்தப் பொருளை அடுத்து ஒதுக்கும்போதுதான். எழுதியது எப்போதோ. இந்த இடைவெளியைச் சுருக்க /சிஸ்/கர்னல்/ஸ்லாப் அடைவில் அந்தக் கேஷின் வேலிடேட் கோப்பில் 1 எழுதுங்கள், உடனே முழுக் கேஷும் சரிபார்க்கப்படும். நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு ஷெல் சுழற்சியில் இதைச் செய்தால், எந்த நிமிடத்தில் கெட்டது, அப்போது என்ன ஓடியது என்று தெரிந்துவிடும்.

எழுதுபவரைக் கையும் களவுமாகப் பிடிக்க கேசான் (மெமரியைத் தொடும் ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கும்படி கர்னலைக் கட்டும் வசதி) வேண்டும். 4.0 பதிப்பிலிருந்து கர்னலில் இருக்கிறது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைப்பதால் மெமரியில் எட்டில் ஒரு பங்கு போகும், 16 ஜிபியில் 2 ஜிபி. வேகமும் வெகுவாகக் குறையும். கடை இயந்திரத்தில் வேண்டாம், அதே வன்பொருளும் அதே பணியும் உள்ள சோதனை இயந்திரத்தில் ஓட்டுங்கள். அறிக்கையில் மூன்று டிரேஸ் வரும்: தவறாகத் தொட்டவர், ஒதுக்கியவர், விடுவித்தவர். பலர் முதலாவதையே வெறித்துப் பார்ப்பார்கள். ஆனால் விடுவித்தவர் அவசரப்பட்டதுதான் தவறாக இருக்கும், தொட்டவர் தன் உரிமையில்தான் தொட்டிருப்பார். மூன்றாவதை முதலில் படியுங்கள். நிழல் பைட்டில் எஃப்பி என்றால் விடுவித்த பொருள், எஃப்சி என்றால் எல்லைப் பகுதி, 01 முதல் 07 வரை என்றால் அந்த 8-இல் முதல் அத்தனை பைட் மட்டும் செல்லுபடி.

மாதம் ஒரு முறை மட்டும், நிஜப் பயன்பாட்டில் மட்டும் வரும் பிழைக்கு கேஃபென்ஸ். 5.12-இல் வந்தது. இயல்பாக 100 மில்லி வினாடிக்கு ஓர் ஒதுக்கீட்டை மட்டும் தன் காவலில் எடுக்கும். 255 பொருள்கள், சுமார் 2 எம்பி செலவு. ஓர் இயந்திரத்தில் சிக்காது போகலாம்; பத்து கிளைகளிலும் இயக்கி வைத்தால் என்றோ ஒரு நாள் ஒன்றில் சிக்கும்.

அறிகுறி: டி, இ, ஏ, டி என்று தொடங்கும் முகவரியில் ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்

பட்டியலிலிருந்து நீக்கிய உறுப்பில், அடுத்த உறுப்பைக் காட்டும் சுட்டியில் 0100 என்றும் முந்தைய உறுப்பைக் காட்டும் சுட்டியில் 0122 என்றும் முடியும் மதிப்புகளைக் கர்னல் வேண்டுமென்றே வைக்கிறது. 0100-இல் விழுந்தால் நீக்கிய உறுப்பின் வழியே பட்டியலைத் தொடர்ந்து நடந்திருக்கிறார்கள். 0108-இல் விழுந்தால் ஒரே உறுப்பை இரண்டு தடவை நீக்கியிருக்கிறார்கள், ஏனெனில் நீக்கும் நிரல் முதலில் எழுதுவது அடுத்த உறுப்பின் 8-ஆவது பைட்டில். இரண்டும் பூட்டு இல்லாத, அல்லது தவறான பூட்டின் கீழ் நடக்கும் வேலை. மேக்ஸ்சிபியுஸ்=1 என்று பூட் செய்தால் மறைகிறதா பாருங்கள். மறைந்தால் சிபியுக்களுக்கு இடையிலான போட்டி என்று கொள்ளலாம், ஆனால் அது சான்று மட்டுமே, தீர்வு இல்லை. முகவரி முழுவதும் 6பி என்றால் விடுவித்த பொருளிலிருந்து சுட்டியைப் படித்திருக்கிறார்கள், மேலே சொன்ன கேசான் வழிக்குப் போங்கள்.

அறிகுறி: "பேட் பேஜ் ஸ்டேட்" அல்லது "பேட் ஆர்எஸ்எஸ்-கவுண்டர்"

பேட் பேஜ் செய்தியில் வரும் பிஎஃப்என் எண்ணை (அந்தப் பக்கம் மெமரியில் எத்தனையாவது என்ற எண்) தனியே குறித்து வையுங்கள். பல நாள், பல ஊப்ஸ், ஆனால் அதே பிஎஃப்என் என்றால் மெமரிச் சில்லு. எண் மாறிக்கொண்டே இருந்தால் மென்பொருள்.

காரணம் என்ற வரியில் "நான்ஸீரோ மேப்கவுண்ட்" என்று இருந்தால் ஒரு நிரல் இன்னும் மேப் செய்து (தன் முகவரிகளோடு இணைத்து) வைத்திருக்கும் பக்கத்தை விடுவித்துவிட்டார்கள். இது மிக மோசமானது. அந்தப் பக்கம் வேறொருவருக்குப் போனால் இருவரும் ஒரே இடத்தில் எழுதுவார்கள். ரெஃப்கவுண்ட் எதிர்ம எண் என்றால் புட்_பேஜை ஒரு தடவை கூடுதலாக அழைத்திருக்கிறார்கள். ஃப்ளேக்ஸ் புலத்தில் பொருளே இல்லாத ஒற்றை பிட் என்றால் மறுபடி மெம்டெஸ்ட். ஃப்ளேக்ஸ், மேப்பிங், கவுண்ட் எல்லாமே குப்பை என்றால் பக்கத்தின் விவரம் வைக்கும் ஸ்ட்ரக்ட் பேஜ் வரிசையின் மேலேயே எவரோ எழுதியிருக்கிறார்கள். அது 64 பைட் அமைப்பு. சேதம் எத்தனை அமைப்புகளில் பரவியிருக்கிறது என்று கிராஷ் கருவியில் கேமெம் -பி கொடுத்துப் பாருங்கள்.

பேஜ்_ஓனர்=ஆன் என்று பூட் செய்தால் ஒவ்வொரு பக்கத்தையும் யார் ஒதுக்கினார் என்பது டீபக்எஃப்எஸ் அடைவில் பதிவாகும். டீபக்_பேஜ்அலாக்=ஆன், விடுவித்த பக்கத்தைக் கர்னலின் மேப்பிலிருந்தே எடுத்துவிடும். தொட்ட கணமே விழும், ஆகவே இந்த முறை ஸ்டாக் டிரேஸில் நிற்பவரே குற்றவாளி. மெதுவாகும், ஆனால் முழுப் பக்க அளவில் நடக்கும் பிழைகளுக்கு இதைவிட நேரான கருவி இல்லை.

அறிகுறி: மெமரி நிரம்பும்போது மட்டும் நிரல்களின் தரவு மாறுகிறது

நிரலுக்குத் தெரியாமல் அதன் பக்கங்களை இடம் மாற்றுவோர் கர்னலில் சிலர் உண்டு: பெரிய பக்கமாகச் சேர்க்கும் கேஹியூஜ்பேஜ்டி, ஒரே மாதிரிப் பக்கங்களை இணைக்கும் கேஎஸ்எம், இடம் நெருக்கும் காம்பேக்ஷன், சிபியுவுக்கு அருகிலுள்ள மெமரிக்குப் பக்கத்தை நகர்த்தும் நூமா சமன், வட்டுக்குத் தள்ளும் ஸ்வாப், சுருக்கி மெமரியிலேயே வைக்கும் ஸீஸ்வாப். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ்பேஜை நெவர் ஆக்குவது முதல். கேஎஸ்எம்மின் ரன் கோப்பில் 0 எழுதினால் நிற்கும், ஆனால் இணைத்தவை இணைந்தே இருக்கும். 2 எழுதினால்தான் பிரியும். நூமா_பேலன்சிங் 0, பிறகு ஸ்வாப்ஆஃப். எதை அணைத்தபோது பிழை நின்றதோ, அதை மட்டும் இயக்கி மற்றவற்றை அணைத்தபோது பிழை திரும்ப வர வேண்டும். இரண்டாவது பாதியைச் செய்யாமல் முடிவுக்கு வராதீர்கள். ஒன்றை அணைப்பதால் நேரக் கணக்கு மாறி, தொடர்பில்லாத பிழையும் மறைந்துவிடும்.

பிழையை வரவழைக்க ஒரு சிறு நிரல் எழுதுங்கள். மெமரியில் முக்கால் பங்கை எடுத்து, ஒவ்வொரு 8 பைட்டிலும் அந்தப் பக்கத்தின் வரிசை எண்ணையும் சுற்று எண்ணையும் எழுதி, அடுத்த சுற்றில் சரிபார்க்கட்டும். பக்கத்தில் இன்னொரு ஷெல்லில் காம்பேக்ட்_மெமரி கோப்பில் 1 எழுதிக்கொண்டே இருங்கள். வேறு பக்கத்தின் எண் வந்தால் இடம் மாறிப் போயிருக்கிறது. பூச்சியம் வந்தால் உள்ளடக்கம் தொலைந்து புதுப் பக்கம் கிடைத்திருக்கிறது. சரியான பக்க எண், ஆனால் முந்தைய சுற்றின் எண் என்றால் நகல் எடுத்த பிறகும் ஒரு சிபியு பழைய பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, அதாவது டிஎல்பி (எந்த முகவரி எந்தப் பக்கம் என்று சிபியு நினைவில் வைக்கும் இடம்) ஃப்ளஷ் விடுபட்டிருக்கிறது.

அறிகுறி: கேசான் மௌனம், ஆனாலும் சேதம்

சிபியு செய்யும் எழுத்தை மட்டுமே கேசான் பார்க்கும். நெட்வொர்க் கார்டோ வட்டுக் கன்ட்ரோலரோ டிஎம்ஏ வழியாக எழுதினால் அதன் கண்ணில் படாது. சேதமான இடத்தின் பைட்டுகளைப் பாருங்கள். 12 பைட் கழித்து 08 00, அடுத்து 45 என்று இருந்தால் அது ஐபி பாக்கெட். முதல் 6 பைட் உங்கள் கார்டின் மேக் முகவரியாக இருந்தால் வழக்கு முடிந்தது: டிரைவர் பஃபரை விடுவித்துவிட்டது, கார்டு இன்னும் அதில் எழுதுகிறது.

சாதனம் எந்த மெமரியில் எழுதலாம் என்று காவல் காக்கும் வன்பொருள் ஐஓஎம்எம்யு. இன்டெல்_ஐஓஎம்எம்யு=ஆன், கூடவே ஐஓஎம்எம்யு.ஸ்ட்ரிக்ட்=1 என்று பூட் செய்யுங்கள். ஸ்ட்ரிக்ட் இல்லாவிட்டால் மேப்பை நீக்கிய பிறகும் சிறிது நேரம் கார்டு எழுத வாய்ப்பு இருக்கும், பிழை தப்பிவிடும். இப்போது தவறான எழுத்து தடுக்கப்பட்டு, டிமார் என்று தொடங்கும் வரியில் எந்த பிசிஐ சாதனம், எந்த முகவரி என்று வந்துவிடும். சிறிய ஆர்ம் போர்டுகளில் வேறொரு வகையும் உண்டு. டிஎம்ஏ பஃபரும் சாதாரண மாறியும் ஒரே கேஷ் லைனைப் பகிர்ந்தால், கேஷை ஒத்திசைக்கும்போது பக்கத்து மாறி பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும். பஃபரை ஸ்ட்ரக்டின் நடுவில் வைக்காமல் தனியே கேமலாக்கில் எடுப்பதே மருந்து.

பழைய கர்னலில் இல்லை, புதியதில் இருக்கிறது என்றால்

கிட் பைசெக்ட்: இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் உள்ள மாற்றங்களை (கமிட்டுகளை) பாதி பாதியாகச் சோதித்து, பிழையைக் கொண்டுவந்ததைப் பிடிக்கும் முறை. ஆயிரம் கமிட்டுக்குப் பத்துப் படி. ஆனால் சிதைவு எப்போதாவது வரும் பிழை. இந்தக் கமிட் நல்லது என்று எப்போது சொல்வது? சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பிழை வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரம் பிழையின்றி ஓடியதும் நல்லது என்று முடிவு செய்தால், அது தவறாக இருக்க இன்னும் 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்து மணி நேரம் காத்திருந்தால் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஒரு படியில் தவறினால் அதற்குப் பிந்திய எல்லாப் படியும் வீண், தொடர்பே இல்லாத கமிட்டில் போய் நிற்பீர்கள். ஆகவே சராசரியின் ஐந்து மடங்கு காத்திருங்கள். கரண்டு வெட்டு அந்த நேரத்தைத் துண்டாக்கினால் துண்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம், பிழை வெகுநேரம் ஓடிய பிறகு மட்டும் வருவதாக இல்லாதவரை. கெட்டது என்ற முடிவுக்கு ஒரு தடவை போதும், அதே வடிவச் சேதம்தான் என்று பார்த்துவிட்டால்.

கமிட் கிடைத்ததும் அதை மட்டும் புதிய கர்னலிலிருந்து பின்வாங்கி அதே ஐந்து மடங்கு நேரம் ஓட்டுங்கள். பிறகு ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள கெட்_மெயின்டெய்னர் காட்டும் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். முதல் ஊப்ஸ் முழுமையாக, டீகோட்_ஸ்டாக்டிரேஸ் வழியாக வரி எண்ணோடு, டெயின்ட் எண், கர்னல் கான்ஃபிக், மெம்டெஸ்ட் எத்தனை சுற்று ஓடியது, சேதமான பைட்டுகளின் டம்ப் எல்லாம் அந்தக் கடிதத்தில் வேண்டும். டம்ப்பில் வாடிக்கையாளர் பெயரோ கணக்குத் தொகையோ சிக்கியிருந்தால் அனுப்புமுன் அந்த பைட்டுகளை மறைத்துவிடுங்கள். சேதத்தின் தொடக்க இடத்தையும் நீளத்தையும் மட்டும் மாற்றாதீர்கள்.